கூகை: சொல்லும் அதன்மேல் ஏறிய நம்பிக்கைகளும்

கூகை என்பது ஆந்தை இனப் பறவையைக் குறிக்கும் பழந்தமிழ்ப் பெயர். ஒலியைப் பின்பற்றிப் பிறந்த சொல்லாக இதைக் கொள்ளலாம். ஆந்தையைக் குறிக்கும் வடமொழியின் உலூகமும் இலத்தீனின் உலுலாவும் அவ்வாறு பிறந்தவையே. இதய வடிவ வெண்முகம் கொண்டு பாழ்மண்டபங்களிலும் கோபுரங்களிலும் தங்கும் பறவையையே இன்றைய பறவை நூல்கள் கூகை என்கின்றன. ஆனால் அது கூவுவதில்லை, கிறீச்சிடுகிறது. ஆகவே பழம்புலவர்கள் இப்பெயரைப் பிற பெரிய ஆந்தைகளுக்கும் வழங்கினர் என்று கொள்வதே பொருந்தும். தொல்காப்பிய மரபியலோ 'அளகு' என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக்கி, மயிலுக்கும் அது உரித்து என்கிறது.

கூகையைச் சாவோடு சேர்த்த எண்ணத்துக்கு அதன் இருப்பிடமே காரணமாகலாம். முதுமக்கள் தாழிகள் கவிழ்ந்து கிடக்கும் காட்டில் காக்கையும் கூகையும் பேய்க்கூட்டத்தோடு திரிவதைப் புறநானூற்றின் 238ஆம் பாடல் காட்டுகிறது. எனினும் அச்சம் மட்டுமே தமிழ் மரபு என்பது பிழை. நற்றிணை 83இல், இரவில் வரும் தலைவனுக்காகக் காத்திருக்கும் தோழி, உண்துறை அருகே கடவுள் உறையும் முதுமரத்தில் வாழும் கூகையை, வளைந்த அலகும் தெளிந்த கண்ணும் கூரிய நகமும் உடையாய் என விளித்து, ஊர் அஞ்சும்படி குழறாதிருந்தால் ஆட்டிறைச்சி கலந்த நெய்ச்சோறும் சுட்ட வெள்ளெலியும் தருவதாக வேண்டுகிறாள். விரட்டாமல் விருந்து வைக்கும் இந்த மனநிலை எனக்கு மிகவும் அரியதாகத் தோன்றுகிறது. 'பகல்வெல்லும் கூகையைக் காக்கை' என்ற குறளும் (481) காக்கையைவிட வலிய பறவையாகவே அதைக் கருதுகிறது. நாட்டார் வழக்கில் 'சாக்குருவி' என்ற பெயர் ஒருபுறமிருக்க, ஆந்தையின் குரலை எண்ணிப் பலன் சொல்லும் பாடல் ஒன்றும் உண்டு: ஒருமுறை அலறினால் சாவு, இருமுறையானால் எண்ணிய கருமம் கைகூடும், ஒன்பதும் பத்தும் மிக நன்று.

பிற நாடுகளிலும் இதே இருமை காணப்படுகிறது. அறிவின் தெய்வமான அதீனாவின் பறவையை ஏதென்ஸ் நகரம் தன் வெள்ளிக் காசில் பொறித்தது. மக்கள் அக்காசையே 'ஆந்தை' என்றழைத்தனர். உரோமரிடமோ இரத்தம் குடிக்கும் இரவுப் பறவையான 'ஸ்ட்ரிக்ஸ்' பற்றிய அச்சம் இருந்தது. சூனியக்காரியைக் குறிக்கும் 'ஸ்த்ரேகா' என்னும் இத்தாலியச் சொல் அதிலிருந்து வந்தது. வங்காளத்தில் வெள்ளாந்தை இலட்சுமியின் ஊர்தி. இந்தியத் தத்துவ நெறிகளுள் ஒன்றான வைசேடிகத்தின் நூலை இயற்றிய கணாதருக்கு உலூகர் என்ற பெயரும் உண்டு. அதனால் அந்நெறி 'ஔலூக்கியம்' எனப்பட்டது. ஜப்பானியர் 'ஃபுகுரோ' என்னும் ஆந்தைப் பெயரைத் துன்பமின்மை என்று பொருள்படும் எழுத்துகளாலும் எழுதி, அதை நற்பேற்றின் அடையாளமாகக் கொள்கின்றனர்.

இனம் முழுவதையும் சுட்ட 'ஆந்தை' என்பதே தகும். வெண்முகப் பறவைக்குக் 'கூகை' உரியது. பேருருவ ஆந்தையைக் 'கோட்டான்' என்னும் வழக்கு உண்டு. இவை இருக்கையில் 'உலூகம்' என்று எழுத வேண்டிய தேவை வடமொழித் தொன்மப் பெயர்களைச் சுட்டும் இடங்களில் மட்டுமே எழுகிறது.