ஓடாத வண்டிக்கும் வயதாகும்

"அதிகம் ஓடலைங்க, வீட்டுலயேதான் நிக்குது." பானெட்டைத் திறக்கும் முன்பே பலரும் என்னிடம் சொல்வது இது. நல்ல சேதி என்று நினைத்துச் சொல்கிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான் தொடங்கும். ஓடினால் தேய்வது இரும்பு. சும்மா நின்றாலும் கெடுவது ரப்பரும் ஆயில் வகைகளும். பத்து, பதினைந்து வயதான குடும்ப வண்டியில் தன் கையால் வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் பாதி வேலை கண்ணில் படாமலே போய்விடும்.

டயரில் இது சுலபமாகத் தெரியும். பக்கச் சுவரில் உள்ள நீளமான குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உள்பக்கம் இருக்கும். பட்டன், அதாவது டயரின் மேல்வரி, நன்றாக இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். ஆறாவது ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்கள் உண்டு. பத்து ஆண்டைத் தாண்டிய டயரில் குடும்பத்தை ஏற்றக் கூடாது. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டில் வேலை பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது பிரேக் ஆயிலில். டப்பாவில் அளவு குறைந்திருக்கும், ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிவிட்டு மூடிவிடுவார்கள். அளவு ஏன் குறைந்தது? பிரேக் பேட் தேய்ந்திருக்க வேண்டும், இல்லை எங்கோ கசிய வேண்டும். ஊற்றி நிரப்பினால் இரண்டுமே மறைந்துபோகும்.

அளவு சரியாக இருப்பதும் போதாது. வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஹோஸின் ரப்பர் வழியாகக்கூட ஈரம் நுழையும். டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தர வகை. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரி. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் வீல் பக்கம் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்தால் குமிழி வரும். குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதனால்தான் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றச் சொல்கிறோம். மூடியில் எழுதியிருக்கும் வகையையே வாங்குங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, அதை டாட் 4 உடன் கலக்கவே கூடாது. பெயர் ஒட்டி வந்தாலும் டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் பிரேக்கில் உள்ள ரப்பர் சீல்கள் எல்லாம் உப்பிவிடும்.

பிரேக் லைனில் இருக்கும் காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றும் 'ஏர் எடுக்கும்' வேலையை இரண்டு பேர் சேர்ந்து வீட்டிலேயே செய்யலாம் என்று வீடியோவில் காட்டுவார்கள். புது வண்டியில் சரி. பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதித்து மிதித்து அடித்தால், பெடலை மிதித்தால் ஆயிலை வீலுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இதுவரை போகாத இடத்துக்கு சீல் போகும். அங்கே துருவும் அழுக்கும் படிந்திருக்கும், சீல் கிழியும். ஆயில் மாற்றப் போய் மாஸ்டர் சிலிண்டர் மாற்ற வேண்டி வந்த வண்டிகள் என்னிடம் வருவது இப்படித்தான். இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

இன்ஜினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட்டும் டைமிங் பெல்ட்டுக்கும் வருடக் கணக்கு உண்டு. செயின் உள்ள இன்ஜினா, பெல்ட் உள்ளதா என்று கையேட்டில் பாருங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளிப்பவர்கள் துருவையும் சேர்த்துத்தான் ஊற்றுகிறார்கள். ரேடியேட்டரில் ஊற்ற வேண்டிய கூலண்டில் உள்ள துருத்தடுப்பு மருந்தும் காலப்போக்கில் தீர்ந்துபோகும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள்: கிளாம்ப் பக்கத்தில் வீங்கியிருந்தாலோ, உள்ளே நொறுங்குவது போல் இருந்தாலோ மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும் தண்ணீர், மூடி விட்ட நொடியில் முகத்தில் பீறிடும். வடித்த கூலண்டைத் திறந்து வைக்கக் கூடாது. அது இனிக்கும் விஷம், நாயும் குழந்தையும் நக்கிவிடும்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? தப்பாகிப் போனால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான் என்கிற வேலைகளைத் தாராளமாகச் செய்யுங்கள்: ஏர் ஃபில்டர், வைப்பர், பல்பு, பேட்டரி டெர்மினல் சுத்தம். பேட்டரியில் நெகடிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். தப்பாகிப் போனால் வண்டி நிற்காது என்கிற வேலைகளை வேண்டாம் என்பேன். இந்தக் கணக்குக்குள் அடங்காதது ஃபியூஸ். பார்க்கச் சின்ன வேலை, ஆனால் 10 ஆம்பியர் போகிற இடத்தில் 20 போட்டால் ஏற்கெனவே காய்ந்து வெடித்திருக்கும் பழைய வயர் தீப்பிடிக்கும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்றால் கோளாறு ஃபியூஸில் இல்லை.

எந்த வேலைக்கும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதிலும் பழைய வண்டியில் கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் விளிம்பு உள்ளே துருப்பிடித்திருக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும். முதலில் ஸ்குரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள், சத்தம் மந்தமாக இருந்தால் அந்த இடத்தில் தூக்கக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் டயர்களுக்குக் கட்டை வைத்து, தூக்கிய பின் எடையை ஜாக் ஸ்டாண்டில் (வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) இறக்குங்கள். அடியில் நுழையும் முன் பக்கவாட்டில் நின்று வண்டியை நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஸ்டாண்டு கொஞ்சம் அசைந்தாலும் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.