பாலைவன ஊர்ல வீடு வாங்குற பிள்ளைங்களுக்கும், அங்க பால் காய்ச்சப் போற அப்பச்சி ஆத்தாக்களுக்கும்

போன வாரம் சாயங்கால ஓபில கடைசி ஆளா ஒரு ஆச்சி வந்தாங்க. பள்ளத்தூர் பக்கம், வயசு 67, சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம். ரெண்டு காலுக்கும் கட்டு போட்டு, அதுக்கு மேல ஆம்பளை சாக்ஸ் மாட்டி, கூட வந்த பையன் கைத்தாங்கலா புடிச்சுட்டு வந்தான். கட்டைப் பிரிச்சா உள்ளங்கால் பூரா தோல் உரிஞ்சு இளஞ்சிவப்பா இருக்கு, வலது கட்டைவிரலுக்குக் கீழ ஒரு புண் மட்டும் ஓரம் வெளுத்து ஆறாம நிக்குது. என்ன ஆச்சி ஆச்சுன்னு கேட்டேன். "மயன் அமெரிக்காவுல வீடு வாங்கிருக்கான் டாக்டர், பால் காய்ச்சப் போனேன்"னாங்க.

இந்த வருஷத்துல எனக்கு இது மூணாவது. மூணு பேருமே அரிசோனாவுல ஃபீனிக்ஸ் பக்கம் பிள்ளைங்க வீடு வாங்கி, அதைப் பாக்கப் போயி வந்தவங்க. அதான் உக்காந்து எழுதிறலாம்னு எழுதுறேன்.

ஆச்சிக்கு என்ன நடந்துச்சுன்னா, வைகாசில முகூர்த்தம், காலைல பால் காய்ச்சி ஹோமம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சு மதியம் சாப்பிட்டு எல்லாரும் படுத்துட்டாங்க. இவங்க மட்டும் எந்திரிச்சு, பின்பக்கம் நீச்சல்குளத்துக்குப் பக்கத்துல வச்சிருந்த துளசித் தொட்டி வாடுதேன்னு தண்ணி ஊத்தப் போயிருக்காங்க. செருப்பு முன்வாசல்ல கிடக்கு. குளத்தைச் சுத்திப் போட்டிருக்கிற சிமெண்டுத் தளத்துல வெறுங்கால்ல ஒரு அஞ்சு நிமிஷம் நின்னுருக்காங்க. "லேசா சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான்"ங்கிறாங்க. உள்ள வந்து சோபாவுல உக்காந்துட்டாங்க. கொஞ்ச நேரத்துல பேரன் எந்திரிச்சு வந்து "அப்பத்தா, தரையெல்லாம் ஏன் ஈரம்"னு கேட்டிருக்கான். கதவுல இருந்து சோபா வரைக்கும் காலடி காலடியா ஈரம். குளத்துத் தண்ணின்னு நினைச்சு மருமக துடைக்கத் துணியோட வந்திருக்கு. தொட்டுப் பாத்தா பிசுபிசுன்னு இருக்கு, அப்பறம்தான் காலைத் தூக்கிப் பாத்திருக்காங்க. கொப்புளம் உடைஞ்சு வந்த நீர் அது.

ஃபீனிக்ஸ் மாதிரி ஊர்ல கோடை மதியத்துல தார் ரோடு 70 டிகிரி செல்சியஸ் தாண்டும், சிமெண்டுத் தரையும் காலைச் சுடுற அளவுக்குக் கொதிக்கும். அந்தச் சூட்டுல தோல் வெந்து போக நிமிஷக்கணக்கு வேணாம், செகண்டு போதும். நல்ல கால் உள்ளவன் துள்ளிக் குதிச்சு உள்ள ஓடிருவான். சர்க்கரையில நரம்பு மரத்துப் போன காலுக்கு அந்தச் சேதி மேல போய்ச் சேராது. ஆச்சி காலை நைலான் இழை வச்சு சோதிச்சேன், பத்து இடத்துல தொட்டதுல ரெண்டு எடத்துலதான் தெரியுதுன்னாங்க. இதைப் பயணத்துக்கு முன்னாடியே பாத்திருந்தா, செருப்பில்லாம வாசப்படி தாண்டாதீங்க ஆச்சின்னு அன்னைக்கே சொல்லி அனுப்பிருப்பேன்.

"எங்க வளவுல நான் எப்பவும் வெறுங்காலுதானே"ன்னு கேட்டாங்க. வாஸ்தவம். ஆனா நம்ம வளவு வேற. நடுவுல வானம் தெரிஞ்சாலும் சுத்தி தூண் வச்ச தாழ்வாரம், உசரமான கூரை, ஆத்தங்குடிக் கல்லு, முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் போட்டு இழைச்ச சுவரு. சித்திரை மதியத்துல கூட பட்டாலையில காலை வச்சா ஜில்லுன்னு இருக்கும். அந்தப் பழக்கத்தை எடுத்துட்டுப் போயி மறைப்பே இல்லாத சிமெண்டு மேல வைக்கலாமா?

இப்ப எனக்கு ரொம்பக் கோவம் வர்ற விஷயத்துக்கு வர்றேன். மூணு குடும்பமும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, நாங்க சிவகங்கைச் சீமை வெயில்ல வளந்தவங்க, எங்களுக்கென்ன வெயில். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப் போச்சு. நம்ம ஊருல 40 டிகிரின்னா பேப்பர்ல போடுறான். அங்க 2023ல ஜூன் கடைசில இருந்து ஜூலை கடைசி வரைக்கும் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல. அதுல 16 ராத்திரி 32 டிகிரிக்குக் கீழயே இறங்கல, பகல் பூரா வெந்த உடம்புக்கு ராத்திரியில கூட ஓய்வு இல்ல. ஃபீனிக்ஸ் இருக்கிற மாரிகோபா கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) அந்த வருஷம் வெயில் சம்பந்தமா செத்தவங்க 645 பேருன்னு அவங்க சுகாதாரத் துறையே கணக்குக் குடுத்திருக்கு. அங்கயே பொறந்து வளந்தவங்களும் அதுல இருக்காங்க.

அதோட வெயிலுக்குப் பழகுறதுங்கிறது பரம்பரைச் சொத்து இல்ல. உடம்பு ஒண்ணு ரெண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமா வெயில்ல இருந்தா பழகும், சில வாரம் வெயில் படாம இருந்தா அந்தப் பழக்கம் போயிரும். நீங்க வயக்காட்டுல நின்னது நாப்பது வருஷம் முன்னாடி. இப்ப காரைக்குடியிலயே ஏசி ரூமு, அங்க இருந்து ஏசி காரு, ஏசி பிளைட்டு, ஏசி வீடு. அதுல இருந்து நேரா 43 டிகிரிக்குள்ள காலை வைக்கிறீங்க. பழனிக்கு நடந்தே போயிருக்கேன் டாக்டர்னு ஒரு ஐயா சொன்னாரு. தைப்பூசத்துக்குப் போனீங்க ஐயா, தை மாசம் குளிரு காலம், வழி பூரா தண்ணியும் மோரும் குடுக்க ஆள் நிக்கிறாங்க, அதையும் இதையும் ஒண்ணாப் பேசாதீங்க.

இதுலயே இன்னொண்ணு, "அங்க வேர்க்கவே மாட்டேங்குது, நம்ம ஊரு மாதிரி புழுக்கம் இல்ல, அதனால ஒண்ணும் பண்ணாது"ங்கிறது. வேர்க்குது, நல்லாவே வேர்க்குது. ஜூன் மாச மதியத்துல அங்க காத்துல ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழ போயிரும், அதனால வேர்வை தோலுக்கு வந்த உடனே காஞ்சு போகுது. நம்ம ஊருல சட்டை முதுகோட ஒட்டும்போது ஐயோன்னு திண்ணையில உக்காந்து ஒரு சொம்பு தண்ணி குடிப்போம், அங்க அந்த எச்சரிக்கையே கிடைக்காது. கருப்புச் சட்டை போட்டுட்டுப் போயி வந்து காலரைப் பாருங்க, வெள்ளை வெள்ளையா கோடு போட்டிருக்கும், அது உங்க உடம்புல இருந்து போன உப்பு. வெயில்ல நடந்தா மணிக்கு ஒரு லிட்டர் கூடப் போகும். வயசானவங்களுக்குத் தாகமும் சரியா எடுக்காது. அதனால தாகம் எடுத்தாக் குடிப்போம்னு இருக்காதீங்க, மணி பாத்துக் குடிங்க. வெறும் தண்ணியா லிட்டர் கணக்குல குடிச்சா உப்பு இறங்கித் தலை சுத்தும், உப்புப் போட்ட மோரு, நீச்சத்தண்ணி, ஓஆர்எஸ் கலந்து குடிங்க. இங்க இருந்தே பத்துப் பாக்கெட் ஓஆர்எஸ் பெட்டில வச்சுட்டுப் போங்க, ஊறுகாய் பாட்டிலை விட அது முக்கியம். இருதயம் வீக்கா இருக்கிறவங்க, கிட்னிக்குப் பாக்கிறவங்க மட்டும் அளவு கேட்டுக்கணும். துபாய் பக்கம் போறவங்களுக்கு இது அப்படியே பொருந்தாது, அங்க கடல் காத்துல ஈரம் அதிகம், வேர்வை காயாமச் சொட்டும், உடம்பு சூடு எறங்காது, அது வேற விதத்துல ஆபத்து. கோடை மூணு மாசம் மதியம் பன்னெண்டரைல இருந்து மூணு வரைக்கும் வெட்டவெளி வேலைக்கு அந்த நாட்டுச் சட்டமே தடை போட்டிருக்கு.

ரெண்டாவது கேஸ் அந்தப் பழனி ஐயாதான், தேவகோட்டை. மகன் வீட்டுக்குப் பின்னாடியே மலைப்பாதை, அதுக்காகவே கூடக் காசு குடுத்து வாங்குன வீடு. மே மாசம் காலைல ஒன்பது மணிக்குத் தனியா ஏறிட்டு வந்தவரு, சம்பந்தமில்லாமப் பேசிருக்காரு, உடம்பு கொதிக்குது. காய்ச்சல்னு நினைச்சு பாராசிட்டமால் குடுத்துப் படுக்க வச்சிருக்காங்க. தயவுசெஞ்சு கேளுங்க, வெயில்ல போயிட்டு வந்து உடம்பு கொதிச்சு பேச்சுத் தடுமாறுனா அது காய்ச்சல் இல்ல, ஹீட் ஸ்ட்ரோக்ங்கிற வெப்பத்தாக்கு, அதுக்குப் பாராசிட்டமால் வேலை செய்யாது. உடனே 911க்கு (அந்த ஊரு அவசர நம்பர்) போன் பண்ணிட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் துணியைத் தளத்தி, உடம்பு பூரா தண்ணி ஊத்தி, கழுத்து, அக்குள், தொடையிடுக்குல ஐஸ் வைங்க. வேர்த்துட்டுத்தானே இருக்கு, அப்ப ஹீட் ஸ்ட்ரோக் இல்லன்னும் முடிவு பண்ணாதீங்க, வேர்த்துட்டு இருக்கும்போதே வரலாம். ஐயா பொழைச்சது பக்கத்து வீட்டுக்காரர் வந்து பாத்ததால. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் இன்னும் பழைய அளவுக்கு வரல. கடுமையான வெயில் எச்சரிக்கை இருக்கிற நாள்ல ஃபீனிக்ஸ் நகராட்சி கேமல்பேக் மாதிரி மலைப்பாதைகளைப் பகல்ல மூடியே வைக்குது, வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பாதைக்கு நீங்கதான் பூட்டுப் போடணும்.

மாத்திரை விஷயம். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுறவங்க, சர்க்கரையை ஒண்ணுக்கு வழியா வெளியேத்துற டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுறவங்க, இவங்களுக்கு உடம்புல தண்ணி சீக்கிரம் வத்தும். நீங்களா நிறுத்தாதீங்க, போறதுக்கு முன்னாடி வந்து கேளுங்க. இன்சுலினைக் கார்ல வச்சுட்டு இறங்காதீங்க. நாள் பூரா வீடு வீடாப் பாக்கப் போவாங்க, கைப்பை கார்லயே இருக்கும், பூட்டுன காருக்குள்ள அடுப்பு மாதிரி வேகும், அந்த மருந்துல சத்து போயிரும். அப்பறம் ஊசி போட்டும் சர்க்கரை 300ங்கிறாங்க.

மூணாவது ஆளுக்கு வந்தது வெயிலால இல்ல. மகன் வாங்குன புது மனையில பள்ளம் தோண்டும்போது பக்கத்துல நின்னு வேலையைப் பாத்திருக்காரு. திரும்பி வந்து ஒரு மாசமா இருமல், சாயங்காலம் காய்ச்சல், எடை குறையுது, எக்ஸ்ரேல நிழலு. நம்ம ஊருல இதைப் பாத்தா எந்த டாக்டருக்கும் டிபிதான் முதல்ல தோணும், எனக்கும் அதான் தோணுச்சு. சளியில கிருமி வரல. அப்பறம் சந்தேகம் வந்து, வெளிநாடு எங்கயும் போனீங்களான்னு கேட்ட பிறகுதான் ஃபீனிக்ஸ்னாரு. அந்த மண்ணுல காக்சிடியாய்ட்ஸ்னு ஒரு பூஞ்சை இருக்கு, மண்ணைக் கிளறுனாலோ புழுதிப் புயல் அடிச்சாலோ மூச்சோட உள்ள போகும், வேலி ஃபீவர் (Valley Fever)னு சொல்வாங்க. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. நிறையப் பேருக்கு வந்த சுவடு தெரியாமப் போயிரும், சர்க்கரை உள்ளவங்களுக்கு நுரையீரலைப் புடிச்சுக்கிற ஆபத்து அதிகம். இதுக்கு ரத்தப் பரிசோதனை தனி, மருந்தும் தனி. அதனால அங்க போயிட்டு வந்து இருமல் நிக்கலன்னா, எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல் வார்த்தையா அரிசோனா போயிட்டு வந்தேன்னு சொல்லுங்க. புது மனையில மண்ணு அள்ளுறப்ப பெரியவங்களைப் பக்கத்துல நிக்க விடாதீங்க.

இனி வீடு வாங்குற பிள்ளைங்களுக்கு. வாசல் எந்தத் திசைன்னு வீடியோ கால்ல அப்பச்சிகிட்ட மணிக்கணக்காப் பேசுறீங்க. அதே நேரத்துல, சாயங்கால வெயில் எந்த ஜன்னல்ல விழுது, பின்பக்க உக்கார்ற இடத்துக்குக் கூரை இருக்கா, ஏசி எத்தனை வருஷப் பழசு, ஒண்ணு நின்னா இன்னொண்ணு இருக்கான்னு கேளுங்க. 40 டிகிரிக்கு மேல ஃபேன் காத்து உடம்பைக் குளிர வைக்காது, சூட்டைத்தான் மேல அடிக்கும், அங்க ஏசி போச்சுன்னா வீடே போச்சு. நீச்சல்குளம் இருந்தா வேலி கேளுங்க. ஆறு வயசுக்குக் கீழ பிள்ளை இருக்கிற வீட்டுல குளத்துக்கு அஞ்சடி உசர வேலியும் தானாச் சாத்திக்கிற கதவும் இருக்கணும்னு அரிசோனா சட்டமே இருக்கு. ஊருணியில குதிச்சு வளந்தோம்னு அங்க பேசாதீங்க, ஊருணியில நாலு பேரு கண்ணு எப்பவும் இருந்துச்சு.

தண்ணியும் கேளுங்க. இது என் தொழில் இல்ல, ஆனாலும் மனசு கேக்கல. நூறு வருஷத்துக்குத் தண்ணி உறுதின்னு காட்டுனாத்தான் அந்தப் பக்கம் மனைப் பிரிவு போட முடியும், 1980ல வந்த சட்டம். ஆறு மனைக்குக் குறைவாப் பிரிச்சு வித்தா அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அப்படி வளந்த ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ்ங்கிற எடத்துக்கு, பக்கத்து ஸ்காட்ஸ்டேல் நகராட்சி 2023 ஜனவரி 1ல இருந்து லாரித் தண்ணியை நிறுத்திருச்சு. வீடெல்லாம் அம்சமான வீடு, தண்ணிக்கு அல்லாடுனாங்க. நம்ம பாட்டன்மாரு ஊருணியை வெட்டிட்டுத்தான் ஊரைக் கட்டுனாங்க.

நான் போக வேணாம்னு சொல்லல. அந்த மலையும் சாயங்கால வானமும் அவ்வளவு அழகுன்னு ஆச்சி கண்ணை விரிச்சுச் சொன்னாங்க, பிள்ளை சம்பாதிச்சு வாங்குன வீட்டுல நிக்கிற சந்தோஷம் யாருக்கு வாய்க்கும்? முகூர்த்தத்தைக் கார்த்திகைலயோ தைலயோ வைங்க, அங்க அதுதான் வெளிய உக்காந்து காபி குடிக்கிற காலம். கோடைலதான் போக முடியும்னா விடியக்காலைல நடந்துட்டு வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குள்ள வந்துருங்க. அங்க போன்ல காட்டுறது ஃபாரன்ஹீட் கணக்கு, 100ன்னு பாத்தா அது நம்ம 38, அதைத் தாண்டுனா வெளிய வேலை வேணாம். பின்கதவுக்குப் பக்கத்துலயே ஒரு ஜோடி மூடுன செருப்பு, உதறிட்டுப் போடுங்க, அந்த ஊரு தேளு செருப்புக்குள்ள ஏறும்.

ஆச்சி புண்ணுக்கு வாரம் ரெண்டு தடவை கட்டு மாத்துறோம், எலும்பு வரைக்கும் போகல. அடுத்த ஆடிக்குள்ள திரும்பப் போகணும், பேத்திக்குக் காது குத்துன்னு நேத்தே கேட்டாங்க. தை வரைக்கும் தள்ளி வைக்கச் சொல்லி அவங்க மகனுக்கு நானே போன் பண்ணுனேன், சரின்னுட்டாரு. நீங்களும் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாங்க, சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க, சாக்ஸைக் கழட்டிக் காலைக் காட்டுங்க. பத்து நிமிஷம்தான் ஆகும்.