குட்டியைத் தூக்கும் முன் தாய் எங்கே என்று பாருங்கள்

மழைக்காலம் தொடங்கினால் எங்கள் கிளினிக்குக்கு அட்டைப்பெட்டிகள் வர ஆரம்பித்துவிடும். உள்ளே கண் திறக்காத பூனைக்குட்டிகள். "மோட்டார் ரூம்ல கத்திக்கிட்டே இருந்துச்சு டாக்டர், தாய் விட்டுட்டுப் போயிடுச்சு" என்பார்கள். எவ்வளவு நேரம் காத்திருந்து பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

தாய்ப்பூனை இரை தேடப் போகும், இல்லையென்றால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றிக்கொண்டிருக்கும், திரும்பி வரும்போது நீங்கள் அங்கேயே நின்றால் எங்காவது ஒளிந்துகொண்டு நீங்கள் நகரும்வரை கிட்டவே வராது. தள்ளிப் போய் சில மணி நேரம் கவனியுங்கள். குட்டிகள் வயிறு நிறைந்து ஒன்றோடொன்று ஒட்டித் தூங்கினால் தாய் வந்து போகிறது என்று அர்த்தம். மழைத்தண்ணீர் ஏறுகிறது, எறும்பு மொய்க்கிறது, நாய் சுற்றுகிறது, குட்டி சில்லிட்டுக் கிடக்கிறது என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே எடுங்கள்.

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று பயப்படுகிறவர்கள் நிறைய பேர். பூனை அப்படி எளிதில் ஒதுக்காது. ஆனால் அடிக்கடி தொந்தரவு செய்தால் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போய்விடும்.

வீட்டிலேயே ஈன்ற பூனை என்றால், முதல் வாரம் தினமும் ஒருமுறை எடை பார்க்க மட்டும் குட்டியை எடுங்கள், அதுவும் தாய் சாப்பிடப் போன நேரத்தில், கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு. பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும், நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். எடை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரண்டு வாரம் ஆகிக் கண் திறந்த பிறகு வீட்டில் எல்லோரும் தினமும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பழக்கலாம், பழக்கவும் வேண்டும். 2 முதல் 7 வாரத்துக்குள்தான் மனிதர்கள் பயப்பட வேண்டியவர்கள் இல்லை என்று அது கற்றுக்கொள்கிறது. ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்னங்கால்களுக்குக் கீழே. பிடரியைப் பிடித்துத் தூக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும்.

தாய் நிஜமாகவே இல்லை என்று தெரிந்தால் எல்லோரும் முதலில் ஓடுவது பாலுக்கு. அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். சில்லிட்ட குட்டியின் குடல் வேலை செய்யாது, ஊட்டிய பால் செரிக்காமல் அப்படியே கிடக்கும், உயிரே போய்விடலாம். துணி சுற்றிய சுடுதண்ணீர் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டும். உடம்பு நன்றாகச் சூடான பிறகுதான் பால். பசும்பால் பேதியை உண்டாக்கும், பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரை வாங்குங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும்தான். கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் பால் ஊட்டவே கூடாது, குப்புற வைத்து ஊட்டுங்கள், இல்லையென்றால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் வாலுக்குக் கீழே உள்ள இடத்தை மெதுவாகத் துடைத்துவிடுங்கள், மூன்று வாரம்வரை அதுவாக மூத்திரம் போகாது.

அப்புறம், குட்டியை எடுக்கும்போது தாய் கடித்தாலோ நகம் பட்டு ரத்தம் வந்தாலோ மஞ்சள் பூசிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள்.