காகிள்ஸில் படம் உடைகிறதா? பவரைக் கூட்டும் முன் இந்த விதிகளைப் பாருங்கள்

காகிள்ஸ் (டிரோன் கேமராவின் படத்தைக் காட்டும் கண்ணாடி) மாட்டி டிரோன் பறக்கவிடுகிற எல்லோருக்கும் ஒரு நாள் இந்தத் தொல்லை வரும். 200 மீட்டர் தாண்டியதும் படம் கோடுகோடாகக் கிழியும், மரத்துக்குப் பின்னால் போனால் மொத்தமும் இருட்டு. உடனே 2 வாட் வீடியோ டிரான்ஸ்மிட்டர் (டிரோனிலிருந்து படத்தை அனுப்பும் கருவி) ஒன்று வாங்கத் தோன்றும். ஆனால் இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் அவ்வளவு பவரை வைத்துக்கொள்ள முடியாது.

5 கிகாஹெர்ட்ஸ் பகுதியை லைசென்ஸ் இன்றிப் பயன்படுத்தத் தொலைத்தொடர்புத் துறை 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை டிரான்ஸ்மிட்டர் பவர் 1 வாட்டைத் தாண்டக்கூடாது. அதற்குக் கீழே, 5470 முதல் 5725 வரை, வரம்பு கால் வாட்தான். இதை நம் அனலாக் வீடியோவின் எட்டுச் சேனல் தொகுப்பான ரேஸ்பேண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 3 முதல் 6 வரையான சேனல்கள் (5732, 5769, 5806, 5843) 1 வாட் பகுதிக்குள் வருகின்றன. 1, 2 இரண்டும் (5658, 5695) கால் வாட் பகுதி. 7, 8 (5880, 5917) அனுமதிக்கே வெளியே. நண்பர்கள் மற்ற சேனல்களை எடுத்துவிட்டார்கள் என்று எட்டில் பறப்பது வழக்கமாகிவிட்டது, அதை விட்டுவிடுங்கள்.

ரிமோட்டுக்கும் விதி உண்டு. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை 2005-லிருந்தே திறந்திருக்கிறது, அங்கும் 1 வாட்தான். 900 மெகாஹெர்ட்ஸ் வகை எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் (ரிமோட்டை டிரோனோடு இணைக்கும் ரேடியோ முறை) வைத்திருப்பவர்கள் 915-ஐ விட்டுவிட்டு, மென்பொருளில் இந்தியாவுக்கென்றே இருக்கும் 866 அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 900 பகுதி இங்கே செல்பேசி நிறுவனங்களுடையது.

சரி, பவரைக் கூட்டினால் தூரம் கூடாதா? கூடும், ஆனால் கொஞ்சம்தான். தூரம் இரண்டு மடங்காக பவர் நான்கு மடங்காக வேண்டும். 200 மில்லிவாட்டில் அரை கிலோமீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 800. குறை பெரும்பாலும் ஆன்டெனா பக்கம்தான் இருக்கும்.

ஒருமுறை என் டிரோன் தரையில் பலமாக மோதியது. ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் 30 மீட்டரிலேயே படம் போனது. சேனல் மாற்றினேன், பேட்டரி மாற்றினேன், இரண்டு நாள் போனது. கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால், டிரான்ஸ்மிட்டர் போர்டில் ஆன்டெனா வயரை மாட்டும், மிளகைவிடச் சிறிய பித்தான் ஒரு பக்கம் மட்டும் கழன்று நின்றது. விரல் நுனியால் அழுத்தி, ஒரு சொட்டு பசை வைத்தேன், பழைய தூரம் திரும்பியது.

அப்புறம் இவற்றையும் பாருங்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரு வகை ஆன்டெனா இணைப்பிகளை ஒன்றோடொன்று திருகினால் சரியாகவே பொருந்தும், உள்ளே நடு ஊசி தொடாமலே இருக்கும். டிரோனில் வலச்சுழல் (அலை வலப்பக்கமாகச் சுழலும்) ஆன்டெனா, காகிள்ஸில் இடச்சுழல் ஆன்டெனா இருந்தாலும் சிக்னல் பெருமளவு வீணாகும். காகிள்ஸ் பக்கத்துச் சேனலில் இருந்தால் அருகில் படம் தெரியும், தள்ளிப்போனால் இருக்காது. ஆன்டெனா இல்லாமல் மட்டும் டிரான்ஸ்மிட்டருக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள், எரிந்துவிடக்கூடும்.

டிரோன் விதிகள் 2021-இன்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. 2 கிலோவுக்கு மிகாத டிரோனை வணிகமில்லாமல் பறக்கவிட பைலட் சான்றிதழும் வேண்டாம். மண்டலம் எது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்க்கலாம். விமான நிலையத்துக்கு 12 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் இந்த 400 அடியை நம்பிக் கிளம்ப வேண்டாம், அங்கே வரம்பு வேறு. மைதானத்துக்குக் கிளம்பும் முன்பே வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.