உங்க பாட்டு ஊருக்கே தெரியும், அத பின் நம்பரா வைக்காதீங்க

போன வாரம் கடைய மூடற நேரத்துல ஒரு அக்கா வந்தாங்க. சத்துவாச்சாரி பக்கம், பூ கட்டி விக்கறவங்க. கைல போன் இல்ல, போன் வாங்குனப்போ வந்த அட்டைப்பொட்டி மட்டும் இருக்கு. "இன்னா தம்பி, இதுல எழுதிருக்கற நம்பர வெச்சு எதாச்சும் பண்ண முடியுமா"ன்னு கேட்டாங்க. பழைய பஸ் ஸ்டாண்டுல கூடைய தூக்கிட்டு ஏறுன நெரிசல்ல போன் போயிருக்கு, வீட்டுக்கு போய் பையன் போன்ல பாத்தா அக்கவுண்ட்ல இருந்த 23,000 ரூபாயும் போயிருக்கு, எல்லாம் ஒரு மணி நேரம் கூட ஆகல. சீட்டு கட்ட சேத்து வெச்ச காசு அது.

லாக் என்ன வெச்சிருந்தீங்கன்னு கேட்டேன்.

"ஆயிரம். ஆயிரம் நிலவே வா பாட்டு தம்பி, எனக்கு அவ்ளோ புடிக்கும்."

1000. போன் தொறக்கவும் 1000, பணம் அனுப்பற பின்னும் 1000, ஏடிஎம் கார்டுக்கும் அதே 1000. காலர் டியூன் அந்தப் பாட்டு, ரிங்டோன் அந்தப் பாட்டு, மார்க்கெட்ல இவங்கள எல்லாரும் நிலவு அக்கான்னு தான் கூப்புடறாங்களாம். 1969-ல அடிமைப்பெண்ல வந்த பாட்டு, எஸ்.பி.பி. பாடுனது, நம்மள்ல யாருக்கு தான் புடிக்காது சொல்லுங்க. ஆனா பாட்டு புடிக்கறது வேற, அத பூட்டா போடறது வேற. இந்த மாசத்துல மட்டும் இப்படி பாட்டு நம்பர வெச்சு பணம் போய் எங்கிட்ட வந்தவங்க இவங்களோட நாலு பேரு, அதான் உக்காந்து எழுதறேன்.

நான் வேலூர்ல 14 வருஷமா மொபைல் சர்வீஸ் பண்றேன். டிஸ்பிளே மாத்தறது, சார்ஜிங் போர்டு, தண்ணில விழுந்த போனு, இதான் தினசரி. வேலைக்கு போன குடுத்துட்டு போறவங்க லாக் நம்பர அவங்களா சொல்லுவாங்க, நான் கேக்கறதுக்கு முன்னாடியே. அப்படி கேட்டு கேட்டு எனக்கு ஒரு பழக்கமே வந்துடுச்சு, ஒருத்தரோட ரிங்டோன கேட்டாலே நம்பர் இன்னான்னு மனசுல ஓடும். இது திறமை எல்லாம் ஒன்னும் இல்லீங்க, எந்த மொபைல் கடைக்காரருக்கும் வரும். திருடறவனுக்கும் வரும்.

நூறு வருஷம் பாட்டு, பணக்காரன் படம், 1990. கல்யாண வீட்ல போடாத ஊரே இல்ல. அந்த பாட்டு ரிங்டோனா வெச்சிருக்கறவங்க போன் எத்தனையோ 0100-ல தொறக்கும், இல்லன்னா 1990, அதுவும் இல்லன்னா அவங்க கல்யாண வருஷம். ஒன்றா இரண்டா ஆசைகள் புடிச்சவங்க 1212 வெப்பாங்க, காக்க காக்க வந்த 2003 வெப்பாங்க. சி.எம்.சி.க்கு வைத்தியம் பாக்க பெங்கால்ல இருந்தும் ஜார்கண்ட்ல இருந்தும் வர்றவங்க நம்ம ஊர்ல எவ்ளோ பேரு, லாட்ஜ்ல மாசக்கணக்கா தங்கறவங்க, ஆபரேஷனுக்கு கொண்டாந்த மொத்த காசும் அந்த ஒரு போன்ல தான் இருக்கும், அதுல ஒரு அண்ணன் டச் மாத்த வந்தாரு, லாக் சொல்லுங்கன்னு கூட நான் சொல்லல, "ஏக் தோ தீன் சார்"னு சிரிச்சினே சொல்றாரு. 1988-ல தேசாப் படத்துல வந்த பாட்டு. அவருக்கு அது பாட்டு, பூட்டுக்கு அது 1234. எனக்கு வயித்துல புளி கரைச்ச மாதிரி ஆகிடுச்சு. அங்கயே நிக்க வெச்சு மாத்த வெச்சேன்.

இப்ப எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயத்துக்கு வரேன். யார கேட்டாலும் ஒரே பதில்: "என் மனசுல இருக்கற பாட்டு எவனுக்கு தெரியும்?" படிச்சவங்க படிக்காதவங்கன்னு வித்தியாசமே இல்ல, காலேஜ் பசங்களும் இதே தான் சொல்றாங்க, ரிட்டையர் ஆன வாத்தியாரும் இதே தான் சொன்னாரு. கொஞ்சம் பொறுமையா கேளுங்க. உங்க மனசுல எந்த பாட்டு இருக்குன்னு திருடனுக்கு தெரிய வேண்டிய அவசியமே இல்ல. நாலு இலக்கத்துல 0000-லருந்து 9999 வரைக்கும் 10,000 நம்பர் இருக்கு, நீங்க அந்த 10,000-லருந்து ஒன்ன எடுத்துருந்தா தான் அது ரகசியம். நீங்க எடுத்தது ஹிட் பாட்டுலருந்து. பேர்ல நம்பர் இருக்கற ஹிட் பாட்டு எத்தன இருக்கும், தமிழ் ஹிந்தி இங்கிலீஷ் எல்லாம் சேத்தாலும் ஒரு நோட்டுல ரெண்டு பக்கத்துக்குள்ள அடங்கிடும். அதுலயும் ஒன்னு, நூறு, ஆயிரம்னு திரும்பத் திரும்ப அதே நம்பர் தான் வரும். அப்ப நீங்க 10,000 சாவில ஒன்ன வெச்சிருக்கறதா நெனைக்கிறீங்க, உண்மைல உங்ககிட்ட இருக்கறது இருபது முப்பது சாவில ஒன்னு. அந்த இருபது முப்பதையும் கைல வெச்சினு தான் அவன் வரான். ஹிட் பாட்டுன்னா என்ன அர்த்தம், எல்லார் மனசுலயும் இருக்குன்னு தான அர்த்தம்? எல்லார் மனசுலயும் இருக்கறது உங்க மனசுலயும் இருந்தா அது எப்படிங்க ரகசியம் ஆகும்?

நம்பலயா, ஒன்னு சொல்றேன். காட்பாடி பக்கம் காலேஜ் படிக்கற தம்பி ஒருத்தன், இதே வாக்குவாதம் என்கிட்ட. "அண்ணா என் பின்ன நீங்க கண்டுபுடிங்க பாப்போம்"னு போன நீட்டுனான். உன் சம்மதத்தோட தான் பண்றேன்னு ரெண்டு தடவ கேட்டுட்டு வாங்குனேன். பின்னாடி கவர் ஸ்பெஷலா பிரிண்ட் போட்டு வாங்கிருக்கான், கிடார் படம், கீழ சம்மர் ஆஃப் 69. பிரையன் ஆடம்ஸ் பாட்டு, 1984-ல ரெக்லஸ் ஆல்பத்துல வந்தது. 6969 போட்டேன், வரல. 1969 போட்டேன். தொறந்துச்சு. பையன் மூஞ்சி வெளிறிப் போச்சு. யுபிஐ பின் வேறயான்னு கேட்டேன், பதில் சொல்லாம போன வாங்கினு அங்கயே ஸ்டூல்ல உக்காந்து மாத்த ஆரம்பிச்சான்.

இது நம்ம ஊர் பழக்கம் மட்டும் இல்ல. 1981-ல அமெரிக்காவுல டாமி டூட்டோன்னு ஒரு பேண்டு 867-5309/ஜென்னின்னு பாட்டு போட்டாங்க, 1982-ல அங்க ஹிட் லிஸ்ட்ல 4-வது இடம் வரைக்கும் போச்சு. பேரே ஒரு போன் நம்பர். அந்த நாட்டுல பல ஏரியா கோடுல அந்த ஏழு இலக்கம் நிஜமாவே யாரோ ஒருத்தருக்கு இருந்துச்சு, ராத்திரி பகல் பாக்காம கண்டவனும் போன் போட்டு ஜென்னி இருக்காளான்னு கேட்டுருக்கான், பாவம் பல பேரு நம்பரயே மாத்திருக்காங்க. இன்னைக்கும் அந்த நம்பர பாஸ்வேர்டா போடறவங்க இருக்காங்க. பிரிட்டன் அரசாங்கத்தோட சைபர் பாதுகாப்பு மையம் 2019-ல திருட்டு போன பாஸ்வேர்டுகள கணக்கெடுத்து ஒரு லிஸ்ட் விட்டாங்க. 123456 மட்டும் 2 கோடியே 32 லட்சம் தடவ. பாட்டு சம்பந்தப்பட்டதுல மொத இடம் பிளிங்க்182, அது ஒரு பேண்டு பேரு, 2 லட்சத்து 85 ஆயிரத்துக்கு மேல. அடுத்து 50சென்ட், அது ஒரு ராப் பாடகர் பேரு. பேரோட நம்பரும் சேந்து வருதே, பாஸ்வேர்டுல நம்பர் வேணும்னு கேக்கறதுக்கு இதுவே போதும்னு எல்லாரும் நெனச்சிருக்காங்க. 2012-ல 34 லட்சம் நாலு இலக்க பின்ன வெச்சு ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணாரு, அதுல 1234, 1111, 0000 இந்த மூனே மூனு நம்பர் மட்டும் நூத்துக்கு 18 பேருக்கு மேல. 19-ல ஆரம்பிக்கற வருஷங்களும் மேல தான் இருந்துச்சு. பாட்டு வந்த வருஷம், பொறந்த வருஷம், கல்யாண வருஷம், எல்லாம் அந்த கணக்குல தான் வரும்.

"மூனு தடவ தப்பா போட்டா பேங்க்ல லாக் ஆகிடுமே"ன்னு கேப்பீங்க. ஆகும். நூத்துக்கு 18 பேருக்கு மூனு தடவயே போதும்னு இப்ப தான சொன்னேன்.

இன்னொன்னு, இத நான் தினமும் பாக்கறேன், பாத்து பாத்து மனசு கேக்கல. டிஸ்பிளே மாத்த பேக் கவர கழட்டுவேன். உள்ள ஏடிஎம் கார்டு, நாலா மடிச்ச அம்பது ரூபா, ஜலகண்டேஸ்வரர் படம் ஒன்னு, சில பேரு பின் நம்பர கூட சின்ன பேப்பர்ல எழுதி. அய்யா, போனும் சிம்மும் ஏடிஎம் கார்டும் ஒரே எடத்துல இருந்தா அவனுக்கு உங்க பழைய பின் தேவையே இல்ல. கார்டோட கடைசி ஆறு நம்பர், எக்ஸ்பைரி தேதி, சிம்முக்கு வர்ற ஓடிபி, இது இருந்தா பல பேங்க்ல புதுசாவே யுபிஐ பின் வெச்சிக்கலாம். "நான் ஓடிபி யாருக்கும் சொல்லலயே"ன்னு அழுவறாங்க. சொல்ல வேணாம்மா, சிம் அவன் கைல இருக்கு. பூக்கார அக்கா கவர்லயும் கார்டு இருந்துச்சு. எந்த வழியா போச்சுன்னு இப்ப வரைக்கும் தெரியல, ரெண்டு கதவும் தொறந்து தான் இருந்துச்சு.

சரி, என்ன பண்ணனும். கார்ட இப்பவே கவர்லருந்து எடுங்க, படிக்கறத நிறுத்திட்டு எடுங்க. சாமி படம் இருக்கட்டும்.

போன் லாக் வேற, யுபிஐ பின் வேற, ஏடிஎம் வேற. மூனும் ஒன்னா இருந்தா மூனு பூட்டு இல்ல, ஒரே பூட்டு. ஆறு இலக்கம் வைக்க முடியற எடத்துல ஆறு வைங்க, 10,000 எங்க 10 லட்சம் எங்க. நம்பர நீங்க யோசிக்காதீங்க, யோசிச்சா பாட்டு, வருஷம், வண்டி நம்பர் இதான் வரும், அது மனுஷ மனசு. சீட்டு குலுக்கற மாதிரி பண்ணுங்க: பத்து துண்டு பேப்பர்ல 0-லருந்து 9 வரைக்கும் எழுதி ஒரு டம்ளர்ல போட்டு குலுக்கி ஒன்னு எடுங்க, எழுதிக்கோங்க, திரும்ப உள்ள போட்டு குலுக்குங்க, இப்படி ஆறு தடவ. வந்த நம்பர் புடிக்கலன்னு மாத்தாதீங்க. ஞாபகம் இருக்காதுன்னு பயப்படறீங்க, ரெண்டு நாள் போன தொறந்து மூடினு இருந்தா விரலுக்கே பழகிடும். வயசானவங்களா, பேப்பர்ல எழுதி வீட்ல பீரோல வைங்க, தப்பே இல்ல. எழுதவே கூடாதுன்னு சிலர் சொல்லுவாங்க, நான் அத ஒத்துக்கறதில்ல. பஸ் ஸ்டாண்ட்ல போன் அடிக்கறவன் உங்க வீட்டு பீரோவுக்கு வர மாட்டான். போன் கூடவே வைக்காதீங்க, அவ்ளோ தான்.

சிம்முக்கும் லாக் போடலாம், போன் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி உள்ள இருக்கும். அப்ப சிம்ம கழட்டி வேற போன்ல போட்டாலும் ஓடிபி வராது. மொதல்ல சிம் கம்பெனி வெச்சிருக்கற பழைய நம்பர கேக்கும், தெரியலன்னா குத்து மதிப்பா அடிக்காதீங்க, மூனு தடவ தப்புனா சிம் லாக் ஆகிடும், கஸ்டமர் கேர்ல கேட்டுட்டு பண்ணுங்க.

போன் போயிடுச்சா, தேடி அலையறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கறவங்க போன வாங்குங்க. சிம் கம்பெனிக்கு சொல்லி சிம்ம நிறுத்துங்க, பேங்குக்கு சொல்லுங்க, பணம் போயிருந்தா சைபர் மோசடி புகாருக்குன்னு இருக்கற அரசாங்க ஹெல்ப்லைன் 1930-க்கு அடிங்க. நாளைக்கு காலைல பாத்துக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க. ரிசர்வ் பேங்க் 2017-ல போட்ட விதிப்படி உங்க கவனக்குறைவால போன பணம்னாலும் நீங்க பேங்க்ல சொன்னதுக்கு அப்புறம் போறதுக்கு பேங்க் தான் பொறுப்பு, சொல்றதுக்கு முன்னாடி போறதுக்கு நீங்க. அந்த ஒவ்வொரு நிமிஷமும் உங்க காசு. அப்புறம் போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுத்து அந்த காப்பிய வெச்சு தொலைஞ்ச போன முடக்கறதுக்குன்னு இருக்கற மத்திய அரசோட சி.இ.ஐ.ஆர். இணையதளத்துல ஐஎம்இஐ நம்பர, அதாவது ஒவ்வொரு போனுக்கும் இருக்கற தனி அடையாள நம்பர, பிளாக் பண்ணலாம். அந்த நம்பர் அட்டைப்பொட்டில இருக்கும், இல்லன்னா இப்பவே *#06# அடிச்சு பாத்து எழுதி வைங்க. அக்கா அந்த பொட்டிய தூக்கி போடாம வெச்சிருந்தாங்க பாருங்க, அதுக்கு தான் அன்னைக்கு பயன்பட்டுச்சு.

எங்கள மாதிரி கடைக்காரங்ககிட்டயும் பின்ன சொல்லாதீங்க. எங்க தொழில்ல ஜாப் கார்டுல லாக் நம்பர் எழுதி போன் பின்னாடியே ஒட்டற வழக்கம் ரொம்ப வருஷமா இருக்கு, நானும் பண்ணிருக்கேன், இப்ப நிறுத்திட்டேன். வேலை முடிஞ்சதும் நீங்க வந்து உங்க கையால தொறந்து டச், கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் பாத்து வாங்கிட்டு போங்க. சில போன்ல சர்வீஸுக்குன்னே மெயின்டெனன்ஸ் மோடு இருக்கு, உங்க போட்டோ மெசேஜ் எல்லாத்தையும் மறைச்சிட்டு போன மட்டும் சோதிக்க விடும், அத போட்டு குடுங்க. எந்த கடைல கட்டாயம் பின் வேணும்னு சொன்னாலும் எதுக்குன்னு கேளுங்க, வாங்கிட்டு வந்த ஒடனே மாத்துங்க.

முந்தாநாள் அக்கா புது போனோட வந்தாங்க, பையன் இ.எம்.ஐ.ல எடுத்து குடுத்துருக்கான். கடைல டீ கிளாஸ கழுவி குடுத்தேன், பழைய பில்லு பேப்பர கிழிச்சு பத்து சீட்டு எழுதுனோம், பூ கட்டற விரலால ஒவ்வொன்னா எடுத்து பாத்துட்டு மடிச்சு திரும்ப போட்டாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிகினேன். ஏடிஎம் கார்டுக்கு தனியா இன்னொரு தடவ குலுக்கணும்னு சொன்னேன், "இரு தம்பி, மொத நம்பரு மனசுல ஏறட்டும்"னாங்க. அப்ப அவங்க போன் அடிச்சுது, அதே ஆயிரம் நிலவே தான். அத மாத்த வேணாம்க்கான்னு சொல்லி அனுப்புனேன்.