ஒரு வகுப்புக்கு எவ்வளவு செலவாகும்? பல்கலைக்கழகங்களுக்குப் பணம் பிரிக்கும் கணக்கு

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சென்னை மருத்துவக் கல்லூரி. பக்கத்திலேயே பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் சேப்பாக்கம். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சென்னைப் பல்கலைக்கழகம். முதலாவது 1835-இல் தொடங்கியது, இரண்டாவது 1857-இல். இரண்டுக்கும் அரசுப் பணம் வேண்டும். எதற்கு எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது?

தலைக்கு இவ்வளவு என்று சமமாகக் கொடுத்தால் நியாயமாகாது. எம்.ஏ. தமிழ் வகுப்புக்கு ஓர் அறை, நல்ல ஆசிரியர், நூலகம் போதும். எம்.பி.பி.எஸ். முதலாண்டுக்கோ உடற்கூறியல் கூடம், பதப்படுத்திய உடல்கள், ஆய்வகங்கள் எல்லாம் வேண்டும். அப்புறம் வார்டுக்குப் போகும்போது ஒரு நோயாளியின் கட்டிலைச் சுற்றி நூறு பேர் நிற்க முடியாது. சிறு சிறு குழுவாகத்தான் கற்றுக்கொடுக்க முடியும். அங்கேதான் செலவு ஏறுகிறது.

இந்த வித்தியாசத்தை எண்ணாக மாற்றுவதுதான் நிதி ஃபார்முலாவின் வேலை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. பாடத்தின் கனத்தைக் காட்டும் எண்தான் கிரெடிட். அங்கே ஒரு மாணவர் எடுக்கும் ஒவ்வொரு கிரெடிட்டும் ஓர் அலகு. ஐம்பது பேர் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றைப் படித்தால் 150 அலகு. இதைப் பாடத்துக்கான வெயிட்டேஜால் பெருக்குவார்கள். கலைப் பாடங்களின் தொடக்கநிலை வகுப்புக்கு வெயிட்டேஜ் 1. அறிவியல், பொறியியல் என்று போகப் போக எண் கூடும். முனைவர் பட்ட நிலையில் பல மடங்காகும். 2020-21 நிதிக்காலத்தில் (அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒரே பட்ஜெட்) ஓர் அலகுக்கு சுமார் 56 டாலர். ஆக, அந்தக் கலை வகுப்புக்கு 8,400 டாலர். வெயிட்டேஜ் 2 உள்ள பாடமாக இருந்தால் 16,800.

மருத்துவம், செவிலியம் போன்ற சுகாதாரக் கல்வி நிறுவனங்களுக்குத் தனி ஃபார்முலா. அதில் கிரெடிட்டை எண்ணுவதில்லை, முழுநேர மாணவர்களை எண்ணுகிறார்கள். துணை மருத்துவப் படிப்புக்கு 1 என்றால் செவிலியத்துக்கு 1.138, பார்மசிக்கு 1.67, பல் மருத்துவத்துக்கு 4.601, மருத்துவத்துக்கு 4.753. முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கும் ஆராய்ச்சிக்கும் வேறு கணக்குகள் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துக்கான ஏற்பாடு. நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போல அங்கும் சிகிச்சைதான் பெரும்பங்கு, மாணவர்கள் குறைவு. தலைகளை எண்ணினால் அந்த மையத்துக்கு ஒன்றும் தேறாது. எனவே டெக்சாஸைச் சேர்ந்த எத்தனை புற்றுநோயாளிகளுக்கு அது சிகிச்சை தருகிறது என்பதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். எதை எண்ணுகிறோம் என்பதிலேயே ஒரு நிறுவனத்தின் வேலையை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

கட்டடப் பராமரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. இருக்கிற சதுர அடிக்குப் பணம் கொடுத்தால், தேவையோ இல்லையோ கட்டிக்கொண்டே போவார்கள். அதனால் மாணவர், ஆசிரியர், ஆராய்ச்சி அளவை வைத்து 'இவர்களுக்கு இவ்வளவு இடம் தேவைப்படும்' என்று மதிப்பிட்டு, அந்த மதிப்புக்குத்தான் பணம்.

சரி, ஃபார்முலா வந்துவிட்டால் பணக்கஷ்டம் தீருமா? தீராது. பானையில் எவ்வளவு சோறு என்பதைச் சட்டமன்றம்தான் தீர்மானிக்கிறது. ஃபார்முலா வெறும் அகப்பை. மாணவர்கள் பெருகி, மொத்தத் தொகை அதே வேகத்தில் உயராவிட்டால், அலகுக்கான டாலர் குறையும். காலத் தாமதமும் உண்டு. 2024-25-க்கான பணத்தை 2022 கோடையிலிருந்து 2023 வசந்தம் வரை நடந்த வகுப்புகளை வைத்துக் கணக்கிட்டார்கள். வேகமாக வளரும் கல்லூரி எப்போதும் பழைய எண்ணிக்கைக்கான பணத்தில்தான் ஓடும்.

இங்கே நிலைமை வேறு. அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் சம்பளம் மாநில சுகாதாரத் துறையின் பட்ஜெட்டில் வருகிறது. கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்தி, பட்டம் தருகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு மாநில அரசு மொத்தமாக ஒரு மானியம் தருகிறது. ஒரு மாணவருக்கு ஆகும் செலவை வைத்து மானியத்தைக் கணக்கிடலாம் என்று நீதிபதி புன்னையா குழு 1993-லேயே சொன்னது. மத்திய பல்கலைக்கழகங்களைப் பற்றிய பேச்சு அது. மாநில உயர்கல்விக்காக மத்திய அரசு 2013-இல் கொண்டுவந்த ரூசா திட்டமும் விதிமுறை சார்ந்த நிதியைப் பற்றிப் பேசியது. தமிழ்நாட்டில் எல்லோரும் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய வெயிட்டேஜ் பட்டியல் ஒன்று வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் டெக்சாஸ் முறையை அப்படியே எடுத்துவந்தால் ஆபத்து. அங்கே வெயிட்டேஜ், கல்லூரிகள் உண்மையில் செய்த செலவின் மூன்றாண்டுச் சராசரியிலிருந்து வருகிறது. நம் பல்கலைக்கழகத் துறைகளில் ஆசிரியர் பணியிடங்கள் நிறையக் காலியாக இருக்கின்றன. பத்துப் பேர் இருக்க வேண்டிய துறையில் நான்கு பேர் இருந்தால் அதன் செலவு குறைவாகத் தெரியும். செலவு குறைவு என்பதால் வெயிட்டேஜ் குறையும், வெயிட்டேஜ் குறைந்தால் பணம் குறையும், அந்த ஆறு இடங்களும் காலியாகவே கிடக்கும். எனவே இங்கே கணக்கை நிரம்பியிருக்கும் நாற்காலிகளிலிருந்து தொடங்கக் கூடாது. அரசு ஒப்புதல் தந்த பத்து இடங்களிலிருந்து தொடங்க வேண்டும்.