வேர்க்குரு என்று விட்டுவிடாதீர்கள்

கொழும்பு வெக்கையில் யாருக்குத்தான் வேர்க்குரு போடாது? அதனாலேயே, பிறர் கொடுத்த குருத்தணுக்களை (இரத்தத்தை உருவாக்கும் மூலக் கலங்களை) சிகிச்சையாக ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவரின் உடம்பில் தோல் சிவந்ததும் வீட்டார் பவுடர் பூசுகிறார்கள், பிறகு சந்தனம். கிளினிக்குக்கு வரும்போது தோல் உரியத் தொடங்கியிருக்கும்.

முதலில் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். உள்ளங்கால், காதுமடல், பிடரி எல்லாவற்றையும் பாருங்கள். வேர்க்குரு உள்ளங்கையில் வருவதில்லை. அங்கே சிவந்து எரிந்தால் அன்றைக்கே எங்களுக்குச் சொல்லுங்கள்.

தானம் கொடுத்தவரின் நோயெதிர்ப்புக் கலங்களும் குருத்தணுக்களோடு சேர்ந்தே வருகின்றன. அவை நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமென்று தாக்கலாம். அந்தச் சிவப்பு இதன் அடையாளமாக இருக்கலாம். "சொந்த அண்ணனுடையதுதானே, முழுப் பொருத்தம் என்றீர்களே" என்று தாய்மார் கலங்கிப்போய்க் கேட்பார்கள். நாங்கள் பொருத்திப் பார்ப்பது எச்.எல்.ஏ. அடையாளங்களை, அதாவது தன்னுடையது எது, அந்நியம் எது என்று நோயெதிர்ப்புக் கலங்கள் பிரித்தறிய உதவும் கல மேற்பரப்பு அடையாளங்களை. கூடப்பிறந்த ஒருவருடன் அவை முழுதாகப் பொருந்தும் வாய்ப்பே நான்கில் ஒன்றுதான். பொருந்தினாலும் வேறு சிறு வேறுபாடுகள் எஞ்சியிருக்கும். இரத்தப் புற்றுநோயில் இதே கலங்கள் மிச்சமிருக்கும் புற்றுக் கலங்களையும் அழிக்கின்றன. ஆகவே அவற்றை ஒரேயடியாக அடக்கிவிடவும் எங்களுக்கு மனமில்லை.

குடல் தாக்கப்பட்டால் தண்ணீராகப் போகும்; அந்த வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (உப்புச் சர்க்கரைக் கரைசல்) மட்டும் கரைத்துக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. ஈரல் தாக்கப்பட்டுக் கண் மஞ்சளித்தாலும் காத்திருக்கக் கூடாது.

கை நடுங்குகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்று, இந்தத் தாக்குதலை அடக்கத் தரும் சைக்குளோஸ்போரின் மருந்தைச் சிலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இளம்பெண்களுக்கு அது எவ்வளவு வேதனை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லாமல் நிறுத்தாதீர்கள், அளவை மாற்றிப் பார்க்கலாம். மருந்தின் அளவறிய இரத்தம் எடுக்கும் நாளில் காலைக் குளிசையைக் கையில் கொண்டுவாருங்கள்; இரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும்.

குருத்தணு ஏற்றி நூறு நாள் கழிந்தால் தப்பினோம் என்ற எண்ணம் நோயாளிகளிடையே வேரூன்றியிருக்கிறது. ஒரு வருடம் கழித்தும் கண் உலரலாம், சொதியின் சிறு உறைப்புக்கே வாய் எரியலாம். எனக்கு அதிகம் பயம் நுரையீரலைப் பற்றித்தான். வெள்ளவத்தை மாடிவீடுகளில் லிப்ட் பழுதாகும் நாளில்தான் பலருக்கு மூச்சிரைப்பே தெரியவருகிறது. அதை ஆஸ்துமா என்று எண்ணி இன்ஹேலர் வாங்கி நாட்களைக் கடத்துகிறார்கள். சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. நுரையீரலின் திறனை ஊதிப் பார்க்கும் பரிசோதனை சில நிமிட வேலை. கிளினிக்கில் நாங்கள் மறந்தாலும் நீங்கள் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.